ஒண்ணாம் நம்பர்

சாவியைத் திருப்பினால் வேன் இருமியது. இன்னொரு முறை திருப்பினால் அந்த இருமலும் இல்லை.

"பேட்டரி செத்துப் போச்சு அத்தான்," என்றான் மச்சான், ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். கோடையிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. பேட்டரிக்குக்கூட.

"தீர்ந்து போச்சுன்னு சொல்லு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"தீர்ந்து போச்சு."

"ம்."

வேன் அவருடைய மனைவியுடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது வேன் இருந்தது, அவள் இல்லை. நெஞ்சுவலி என்று ராத்திரி சொன்னவள் விடிவதற்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த ஷெட்டின் கதவை அவர் இன்றுதான் திறக்கிறார்.

திறந்ததற்குக் காரணம் ரேடியோ. ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிடும் அவருக்கு வயர்லெஸ்தான் உயிர். உரிமம் வாங்கி, ஆண்டெனா கட்டி, முகம் தெரியாத ஆட்களோடு பேசுகிற அந்தப் பழக்கத்துக்கு வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஒரு போட்டி உண்டு. ஒரே நாளில் யார் அதிகம் பேரைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. ஒவ்வொரு பேச்சிலும் இருவரும் தங்கள் வரிசை எண்ணைச் சொல்லிக்கொள்ள வேண்டும். முதல் ஆளுக்கு ஒன்று, அடுத்த ஆளுக்கு இரண்டு என்று அது ஏறிக்கொண்டே போகும். வண்டியில் சுற்றுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு. இடம் மாறினால், பேசிய ஆளிடமே மறுபடி பேசிப் புள்ளி வாங்கலாம். அவர் அந்தப் பிரிவில். பேசுவது அவர், ஓட்டுவது அவள். அவருக்கு ஓட்டத் தெரியாது. தேதி பார்த்துப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது, வழி பார்ப்பது, போர்வை எடுத்து வைப்பது எல்லாமே அவள் பொறுப்பு.

போன வருஷம் கணவாய்க்குப் போகும் சாலையில் பனி கொட்டிப் பாதியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. வண்டியைத் திருப்பும்போது அவள் சொன்னாள்: "விடுங்க. அடுத்த வருஷம் உச்சியில கொண்டுபோய் நிறுத்துறேன்."

அடுத்த வருஷம் வந்துவிட்டது.

"எப்போ அத்தான் போட்டி?" என்று கேட்டான் மச்சான்.

"எப்பவும்போல மாசத்துல மூணாவது ஞாயிறு. நாளான்னைக்கு. நீ ஓட்டுவியா மாட்டியா?"

"ஓட்டுவேன். ஆனா மலை..." மச்சான் லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதும் அவனுக்குப் புதிதில்லை. ஆனால் அவன் போகும் பாதையில் வளைவுகள் இருந்ததில்லை. "அக்கா ஓட்டுவா. நான் உக்காந்தாலே தலை சுத்தும்."

"ஓட்டுறவனுக்குத் தலை சுத்தாது."

அது உண்மையா என்று அவருக்கே தெரியாது.

பேட்டரிக்கு மச்சான் ஒரு வழி சொன்னான். ரேடியோவுக்கென்று வைத்திருந்த பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து வேனைக் கிளப்பலாம். "லிஃப்டுல இதுக்கு அப்பன் பேட்டரியெல்லாம் பாத்தவன் நான்."

கொடுத்தார்கள். வேன் கிளம்பியது. கைதட்டிக்கொண்டார்கள். பின்னால் புகை வாசனை வந்தது. ரேடியோவின் பேட்டரி வயிறு உப்பிப் படுத்திருந்தது.

"மாத்திக் குடுத்துட்டேனோ?" என்று மச்சான் இரண்டு ஒயரையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

பரவாயில்லை, எங்கள் கம்பெனிக் கிடங்கில் உபரியாக ஒன்று கிடக்கிறது என்று போய்க் கொண்டுவந்தான். ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்கான பேட்டரி. இரண்டு பேர் தூக்கினால் மூன்றாவது ஆள் தேவைப்படுகிற எடை. அது உள்ளே போக வேண்டுமென்றால் வேனின் நடு இருக்கையைக் கழற்ற வேண்டும். கழற்றினார்கள். அப்புறம் ரேடியோவின் முன்னால் அவர் உட்கார இடமில்லை. கடையில் கண் பரிசோதனைக்குப் போட்டிருந்த சுழல் முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது சுத்துமே அத்தான்."

"நான் கெட்டியா உக்காந்துக்குவேன்."

ஆண்டெனாவை மாட்டியது நேர்த்தியாக அமைந்தது. வேனின் கூரையில் நெட்டுக்குத்தாக நின்றது. இரண்டு பேரும் தள்ளி நின்று ரசித்தார்கள். பிறகு மச்சான் வேனைப் பின்னால் எடுத்தான். ஷெட்டின் வாசல் உத்தரம் எவ்வளவு உயரம் என்று இருவருமே பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால் ஆண்டெனா கேள்விக்குறியாக வளைந்திருந்தது. ஆச்சரியக்குறி ஆக்கலாம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைசியில் காற்புள்ளி ஆயிற்று.

"வேலை செய்யுமா?"

"செய்யணும்," என்றார். அவள் இருந்திருந்தால் ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய் மாட்டச் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு வருஷமும் வெளியேதான் மாட்டினார்கள் என்பது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஹீட்டர் ஓடவில்லை. அவள் அதைக் கையால் எங்கோ தட்டுவாள், ஓடும். எங்கே என்று தெரியாமல் இவர்கள் எல்லா இடத்திலும் தட்டினார்கள். பிறகு மச்சான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஃபியூஸ் பெட்டிக்குள் கை விட்டான். ஹீட்டர் ஓடியது. கூடவே ஹாரனும் அடித்தது. ஹீட்டரை நிறுத்தினால் ஹாரன் நின்றது.

"இப்ப என்ன பண்றது?"

"ஹாரன் ஒயரைப் பிடுங்கு."

பிடுங்கினான். ஹீட்டர் நின்றது. மறுபடி மாட்டினான். தெருவே எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து மகள் வெளியூரிலிருந்து ஃபோன் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வீட்லதானே இருப்பீங்க? பேரன் உங்ககிட்ட பேசணுங்கிறான்."

"ஞாயித்துக்கிழமை... பல் டாக்டர்கிட்ட போறேம்மா."

"ஞாயித்துக்கிழமை எந்தப் பல் டாக்டர் இருப்பாரு?"

உதவி செய்கிறேன் என்று மச்சான் பக்கத்திலிருந்து கத்தினான்: "அவசரம்மா! பல்லு ஆடுது!"

"மாமாவா அது? பல்லு ஆடுறதுக்கு மாமா எதுக்குப்பா?"

"ஓட்டுறதுக்கு," என்றான் மச்சான். பொய் அவனுக்கு ஒன்றுக்கு மேல் வராது.

"எதை ஓட்டுறதுக்கு?"

மச்சான் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டான்.

"அம்மா வேனையா?" மகளின் குரல் இறங்கிப்போயிற்று. "அப்பா, அந்த மலைக்கா போறீங்க? இந்தக் குளிர்லயா? அம்மா இல்லாம உங்களுக்கு வழி தெரியுமாப்பா?"

"ஏரிக்கரை வரைக்கும்தாம்மா. போயிட்டு உடனே வந்துடுவோம்."

"மாமாவுக்குத் திரும்பிப் பாத்து வண்டியைப் பின்னால எடுக்கக்கூடத் தெரியாது."

"கத்துக்கிட்டேன்," என்றான் மச்சான், காற்புள்ளியைப் பார்த்துக்கொண்டே.

"ஸ்வெட்டர் ரெண்டு போட்டுக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் வைத்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது. மறுபடி கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். மச்சான் ஓட்டிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் அவர்களை முந்திப் போனார். போகிறவர் திரும்பிப் பார்த்து ஆண்டெனாவுக்காக ஒரு முறை சிரித்தார். முதல் வளைவிலேயே முக்காலி சுற்றியது. ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பின்கண்ணாடி வழியாக ஊரைப் பார்த்தார். அடுத்த வளைவில் திரும்ப வந்தார்.

"கெட்டியா உக்காந்திருக்கீங்களா அத்தான்?"

"ரோட்டைப் பாரு."

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். ஓரத்தில் தண்ணீர் உறைந்து கிடந்தது. ஹாரன் அடித்தபடி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அவர் ரேடியோவைத் திறந்தார். இன்ஜினின் இரைச்சல் முழுக்க ரேடியோவுக்குள் வந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

"இன்ஜினை நிறுத்து."

"நிறுத்தினா ஹீட்டரும் நின்னுடும் அத்தான்."

"நிறுத்துடா."

நின்றது. ஹாரனும் நின்றது. அவர் மைக்கை எடுத்தார். "போட்டி அழைப்பு, போட்டி அழைப்பு. ஓடும் வண்டி நிலையம். யாராவது இருந்தா வாங்க."

யாரும் வரவில்லை. திருப்பிச் சொன்னார். அலைவரிசையை மாற்றிச் சொன்னார். மற்ற வருஷங்களில் இந்நேரம் சந்தைக்கடை மாதிரி இரையும். ஒருவர் குரல் மேல் ஒருவர் ஏறிக் கத்திக்கொண்டிருப்பார்கள். இன்று வெறும் காற்றுச் சத்தம்.

"ஆண்டெனாதான்," என்றார். "வளைஞ்சதுல போயிடுச்சு."

"நான் ஏறி நிமித்தட்டுமா?"

"நீ எதையும் தொடாதே."

வண்டிக்குள் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டார். முன் இருக்கையில் மச்சானின் பற்கள் அடித்துக்கொள்வது கேட்டது.

"அத்தான், அக்கா இதுல எப்படி உக்காந்திருந்தா?"

"அவளுக்குக் குளிராது."

"அக்காவுக்கா?" மச்சான் திரும்பிப் பார்த்தான். "மழைக்காலத்துலயே ரெண்டு போர்வை போட்டுக்கிட்டு, என் போர்வையையும் சேத்து உருவுவா."

இத்தனை வருஷமும் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் பேசினார்கள். ஒவ்வொரு வருஷமும் அவர் கேட்பார், குளிருதா என்று. மைக்கைப் பிடித்தபடியே, பாதி காதைக் கொடுத்துக்கொண்டு கேட்பார். இல்லை, நீங்க பேசுங்க என்பாள். கொண்டுவந்த போர்வை எப்போதும் ஒன்றுதான். அது எப்போதும் அவர் மேல்தான் இருந்தது.

போர்வையை எடுத்து முன் இருக்கைக்கு நீட்டினார். மச்சான் வாங்கிக்கொண்டான்.

"போயிடலாமா அத்தான்?"

சரி என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் ரேடியோவில் ஒரு குரல் வந்தது. சளி பிடித்த மாதிரியான குரல். வருஷம் முழுக்க அப்படித்தான் பேசுவார் என்பதால் வானலையில் எல்லோருக்கும் அவர் மூக்கடைப்பு. நேரில் ஒருவரும் பார்த்ததில்லை.

"யாரு, கண்ணாடியா? அட! எங்கப்பா போயிருந்தே இத்தனை மாசமா? சத்தமே இல்ல. ஆமா, இன்னைக்கு என்ன நீ வண்டியில..."

"பேச்சை விடு. போட்டி நேரம். உன் நம்பரைக் குடு."

நம்பருக்குப் பதில் வேறு கேள்வி வந்தது.

"வீட்டம்மா எப்படி இருக்காங்க? வண்டி ஓட்டுறாங்களா?"

ஒவ்வொரு வருஷமும் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஓட்டுநரம்மாவுக்கு வணக்கம் என்று சொல்லித்தான் முடிப்பார்கள். அவள் மைக்கைத் தொடமாட்டாள். தலையை மட்டும் ஆட்டுவாள், அவர்களுக்குத் தெரியப்போவதுபோல.

அவர் மைக்கை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"அவ கோடையில போயிட்டா," என்றார். யாரிடமும் அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊரில் எல்லோருக்கும் யாரோ சொல்லித்தான் தெரிந்திருந்தது. "போன வருஷம் கணவாய் உச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தா. அதான் கிளம்பி வந்தேன். மச்சான் ஓட்டுறான். உன் நம்பரைக் குடு."

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. ஆண்டெனா முற்றிலும் போய்விட்டது என்று நினைத்தார்.

"ஒண்ணு," என்றது மூக்கடைப்பு. "என் நம்பர் ஒண்ணு. கண்ணாடி, கேக்குதா? அங்கேயே இரு. அந்த அலைவரிசையை விட்டு நகராதே. கூப்பிட்டுக்கிட்டே இரு, வருவாங்க."

"இவனுக்கே நான்தான் முதல் ஆளா!" என்று அவர் மச்சானிடம் சொன்னார். "இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்? தூங்கினானா?"

கூப்பிட்டார். ரொம்ப நேரம் கூப்பிட்டார். பிறகு ஒரு தபால்காரர் வந்தார். அப்புறம் ஒரு கணக்கு வாத்தியார். அப்புறம் எங்கோ தொலைவிலிருந்து ஒரு பெண், எதையோ மென்றுகொண்டே. ஒருவர் பேசும்போது பின்னால் குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. இன்னொருவரின் மனைவி, லீவு நாளில் விடிஞ்சதும் விடியாததுமா இது என்ன கூத்து என்று கேட்டது தெளிவாக விழுந்தது. மச்சான் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி ஒவ்வொன்றாக எழுதினான்.

"உங்க நம்பர்?"

"ஒண்ணு."

"உங்க நம்பர்?"

"ஒண்ணுங்க."

"இதென்ன அத்தான், எல்லாருக்கும் ஒண்ணாவே இருக்கு?"

"ஒருத்தனுக்கும் ஒண்ணும் மாட்டல, அதான்," என்றார். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கண்கள் கோடைக்குப் பிறகு முதல் முறையாக விரிந்திருந்தன. "இந்த வருஷம் எல்லாப் பயலும் மந்தம். நாமதான் முன்னாடி நிக்கிறோம். எடு வண்டியை, மலைக்கு."

"ஏரிக்கரையோடன்னு பாப்பாகிட்ட சொன்னீங்களே."

"சொன்னேன். எடு."

மலைச்சாலையின் அடிவாரத்தில் தடுப்புக் கம்பி உயர்ந்தே இருந்தது. காவல் அறைக்குள்ளிருந்து ஒரு கை போகலாம் என்று அசைந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் முக்காலி ஒரு சுற்று. மச்சான் இரண்டு இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, ஓரமாகக் குனிந்து நின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். போன வருஷம் திரும்பிய இடம் வந்தபோது அவருக்குத் தெரிந்துவிட்டது. மச்சானிடம் சொல்லவில்லை. முக்காலி அந்த நேரம் அவரைப் பின்பக்கமாகத் திருப்பியிருந்தது. பின்கண்ணாடியில் அந்த வளைவு மெல்லச் சிறுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உச்சியில் ஒரு ஈ காக்கை இல்லை. பனி, கம்பம், ஒரு பெயர்ப்பலகை. மற்ற போட்டிக்காரர்கள் யாராவது கூடாரம் போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தார். "பயந்துட்டானுங்க," என்றார்.

மைக்கை எடுத்ததும் வந்துவிட்டார்கள். கூப்பிடக்கூட விடவில்லை. காலையில் வந்த அத்தனை பேரும், புதிதாக இன்னும் சிலரும், ஒருவர் குரல் மேல் ஒருவர் ஏறி. பழைய சந்தைக்கடை. அவர் ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தார். கை விறைத்தது தெரியவில்லை.

"உங்க நம்பர்?" என்று மூக்கடைப்பிடம் கேட்டார்.

"ரெண்டு."

"காலையில ஒண்ணு, இப்ப ரெண்டா? நாள் முழுக்க என்னை விட்டா உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைக்கலப்பா," என்றது மூக்கடைப்பு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்கு இந்த வருஷம் நேரம் சரியில்ல. எங்க இருக்கே இப்ப?"

"உச்சியில."

"நல்லா சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

"கணவாய் உச்சியில இருக்கேன்!" என்று கத்தினார். "வந்து சேந்துட்டோம்!"

"ஓட்டுறவர்கிட்ட மைக்கைக் குடு."

மச்சான் மைக்கை இரண்டு கையாலும் வாங்கினான். "வணக்கம்," என்றான். "நான் லிஃப்ட் மெக்கானிக். இவ்வளவு உயரம் நான் வந்ததே இல்ல. அக்காவோட தம்பி." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குளிர் குளிர் என்று சொல்லிக்கொண்டே போர்வையால் முகத்தை மூடிக்கொண்டான்.

வணக்கம், வணக்கம் என்று ஒவ்வொரு குரலாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

இறங்கும்போது வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவர் முன் இருக்கைக்கு வந்துவிட்டார். பேச்சு நிற்கவில்லை.

"கோப்பை நமக்குத்தான் மச்சான். ஒருத்தன் நம்பரும் ரெண்டைத் தாண்டல. நம்ம நம்பரைப் பாரு!"

"அக்கா இருந்திருந்தா..."

"இருந்திருந்தா நீங்க பேசுங்கன்னு சொல்லிட்டு ரோட்டைப் பாத்திருப்பா," என்றார். சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாப்பாகிட்ட நானே சொல்றேன், மலைக்குத்தான் போனோம்னு."

அடிவாரத்தில் இப்போது தடுப்புக் கம்பி இறங்கியிருந்தது. அறையிலிருந்து ஒரு பெண் காவலர் கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி வந்தார். ஹாரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டார். மச்சான் இன்ஜினை நிறுத்தினான்.

"மேல இனி யாரும் இல்லையே? ரோட்டை மூடணும்."

"யாருமில்லம்மா, நாங்கதான் கடைசி," என்றார் கண்ணாடிக்கடைக்காரர், ஜன்னலை இறக்கி. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு தாங்காது போலிருந்தது. "ரேடியோப் போட்டிக்குப் போயிட்டு வர்றோம். நாங்கதான் ஒண்ணாம் நம்பர்."

பெண் காவலர் வளைந்த ஆண்டெனாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டியை இந்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே வெச்சு, போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிடுச்சே ஐயா? இன்னைக்குன்னு நெனச்சு, சம்சாரத்தைப் பறிகொடுத்த யாரோ ஒரு பெரியவர் கிளம்பி வந்துட்டாராம். அவர் கூப்பிட்டா பதில் சொல்ல ஆள் வேணும்னு எங்க வீட்டுக்காரர் காலையிலேர்ந்து ஊர் ஊரா ஃபோன் போட்டு எல்லாரையும் எழுப்பிக்கிட்டிருக்காரு... நீங்களும் அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் குளிர்ல மலை ஏறினீங்களா?"